கழுகு, பருந்து, மஞ்சள் திருடி

போன வருஷம் ஏட்ஸின் 'இரண்டாம் வருகை' கவிதையைத் தமிழில் செய்து பார்த்தேன். 1919-ல் எழுதப்பட்டது, பி.ஏ. ஆங்கிலம் படித்த எவனும் தப்பிக்க முடியாத கவிதை. அதன் தொடக்கத்திலேயே ஒரு பறவை வருகிறது. பழக்கியவனின் குரல் எட்டாத உயரத்துக்குச் சுழன்று சுழன்று போய்விடுகிற பறவை. அதற்கு நான் 'பருந்து' என்று போட்டேன். ஓசை நன்றாக இருந்தது. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

பெரிய முதலியார்சாவடியில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் மரக்காணம் உப்பளத்தில் வெகுகாலம் வேலை பார்த்து ஓய்ந்தவர். ஒரு மாலை திண்ணையில் உட்கார்ந்து என்ன எழுதுகிறேன் என்று கேட்டார். ஒருவன் ஒரு பருந்தைப் பழக்குகிறான், பறக்க விடுகிறான், அது திரும்பி வரவில்லை, அதுதான் கவிதை என்றேன். பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பருந்த எவன் தம்பி கையில வெச்சிப் பழக்குவான்? கருவாட்டத் தூக்கிக்கினு போற ஜென்மம் அது. திரும்பி வரலன்னா அதுல இன்னா அதிசயம்?" என்றார்.

அவர் சொன்னது இலக்கிய விமர்சனம் அல்ல. ஆனால் என் மொழிபெயர்ப்பைப் பற்றி அதைவிடச் சரியான விமர்சனம் இருக்க முடியாது. திரும்பி வரக் கடமைப்பட்ட ஒன்று வராமல் போவதில்தான் அந்தக் கவிதையின் திகில் இருக்கிறது. பருந்து எவனுக்கும் கடமைப்பட்டதில்லை. ஒரு சொல் பிசகியதும் கவிதையின் அச்சு முறிந்துவிட்டது. கல்லூரியில் ஹாப்கின்ஸின் 'விண்ட்ஹோவர்' நடத்திய ஆசிரியர் அந்தத் தலைப்பை 'ஒருவகைப் பறவை' என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனது நினைவுக்கு வந்தது. நாங்களும் அப்படியே எழுதிக்கொண்டோம். நம் பழைய உரைகாரர்களும் பல இடங்களில் 'ஒருவகைப் புள்' என்று எழுதிவிட்டு மேலே போனவர்கள்தானே என்று அப்போது சமாதானம் தோன்றியிருக்கலாம். இந்த 'ஒருவகை' என்பதற்குள் என்னவெல்லாம் தொலைந்திருக்கிறது என்று தேடிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

முதலில் கண்ணெதிரே இருப்பதைச் சொல்ல வேண்டும். நான் தினமும் பஸ்ஸில் வடக்கே போகிறவன். வழியில் மேற்கே கழுவெளி ஏரி. 2021-ல் அரசு அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. இந்தப் பெயரிலேயே கழுகு இருக்கிறதே என்று எனக்கும் ஒருமுறை ஆசை வந்தது. உப்பங்கழியில் உள்ள 'கழி'தான் திரிந்திருக்க வேண்டும் என்று மனதை அடக்கிக்கொண்டேன். சொல்லாராய்ச்சியில் ஆசையைப்போலக் கெடுதி செய்வது வேறில்லை.

பனிக்காலத்தில் அந்த நீர்ப்பரப்பின்மேல் தாழப் பறந்து நாணலைத் துழாவிக்கொண்டு போகிற பறவைக்குப் பூனைப்பருந்து என்று பெயர். பூனை பம்மிப் போவதை அறிந்தவன் வைத்த பெயர் என்றே எனக்குப் படுகிறது. நீருக்குள் காலை முன்னே நீட்டி விழுந்து மீனோடு எழும்புகிற பறவைக்கு விராலடிப்பான் என்று பெயர். ஒரே சொல்லில் இரை, வேலை, வேலைக்காரன் மூன்றும் இருக்கின்றன. மீன் இறங்கும் கரையில் குடலுக்கும் செதிலுக்கும் அலைகிற கரும்பழுப்புப் பறவை கள்ளப்பருந்து. அதனோடு சேர்ந்து அதே குடலுக்கு இறங்குகிற, வெண்தலையும் செம்மேனியும் கொண்ட பறவை செம்பருந்து. ஆனால் இந்தப் பெயரை நம்மவர்கள் அதிகம் சொல்வதில்லை. அவர்களுக்கு அது கருடன். அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டிய பறவை. கும்பாபிஷேகத்தில் அது வந்து வட்டமிடும்வரை கலசத்தில் நீர் ஊற்றாமல் காத்திருப்பார்கள்.

ஒரே கரை, ஒரே மீன்குடல், இரண்டு பறவைகள். ஒன்று கள்ளன், ஒன்று பெருமாளின் வாகனம். இங்கேதான் எனக்கு விஷயம் பிடிபடத் தொடங்கியது. இரைதேர் பறவைகளுக்குத் தமிழில் இரண்டு வகைச் சொற்கள் இருக்கின்றன. ஒன்று பார்த்த சொல். இன்னொன்று அந்தஸ்துச் சொல். விராலடிப்பான், பூனைப்பருந்து, செம்பருந்து ஆகியவை பார்த்த சொற்கள். கருடனும் பிணந்தின்னியும் அந்தஸ்துச் சொற்கள். அந்தஸ்துச் சொல் பறவையைப் பார்ப்பதில்லை. அதை மேலே வைப்பதா கீழே வைப்பதா என்று மட்டும் பார்க்கிறது. ஊர்க்குருவி எவ்வளவு உயரப் பறந்தாலும் பருந்தாகாது என்கிற பழமொழியில் குருவியும் இல்லை, பருந்தும் இல்லை. யார் எங்கே நிற்க வேண்டும் என்பதுதான் இருக்கிறது.

இது பாமரர்களின் பழக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்தியக் கடற்படை தன் விமான தளங்களுக்குப் பெயர் வைத்திருப்பதைப் பாருங்கள். கொச்சியில் 1953-ல் தொடங்கியது கருடா. அரக்கோணத்தில் 1992-ல் ராஜாளி. ராமநாதபுரத்துக்கு அருகே உச்சிப்புளியில் 2009-ல் பருந்து. மூன்றும் கம்பீரமான பெயர்கள். எருவை என்றோ பாறு என்றோ எந்தத் தளத்துக்கும் பெயர் வராது. ஆனால் நம் பழைய கவிதையில் பருந்துக்கு நிகராக வானத்தில் நின்றவை அவைதாம்.

சங்கப் பாடல்களில் எருவை, பாறு, பருந்து, எழால் என்று தனித்தனிப் பெயர்கள் வருகின்றன. புதுச்சேரியில் அரசு அதிகாரியாக இருந்த பி. எல். சாமி, 1976-ல் வெளிவந்த 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' என்ற நூலில் இப்படிப்பட்ட பெயர்களை எடுத்துக்கொண்டு, இது இன்ன பறவை என்று அடையாளம் காண முயன்றார். அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் ஒப்ப வேண்டும் என்பதில்லை. ஆனால் புலவன் எதையோ உண்மையில் பார்த்துத்தான் எழுதினான் என்ற நம்பிக்கையிலிருந்து அவர் தொடங்கினார். நம் பண்டிதர்களும் புதுக்கவிதைக்காரர்களும் ஒருங்கே இழந்துவிட்ட நம்பிக்கை அது.

ஓர் உதாரணம் போதும். பாலைப் பாடல்களில் எருவைக்குச் செவி சிவந்தது என்று அடைமொழி வருகிறது. பறவைக்கு ஏது வெளித்தெரியும் செவி, அதுவும் சிவப்பாக? கவிஞனின் கற்பனை என்று கடந்துவிடலாம். ஆனால் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்றும் மிகச் சில எஞ்சியிருக்கும் செந்தலைப் பாறுவின் படத்தைப் பார்த்தால் தெரியும். மயிரற்ற சிவந்த தலை. செவிப்பக்கத்திலிருந்து தொங்கும் சிவந்த தோல்மடல். அடைமொழி அலங்காரமாக வரவில்லை, அடையாளமாக வந்திருக்கிறது. வழியில் மாண்டவனின் உடலருகே அந்தப் பறவையை நின்று பார்த்த ஒருவன் இல்லாமல் அந்தச் சொல் வந்திருக்காது.

இலக்கணக்காரனும் பார்த்திருக்கிறான். சூத்திரங்கள் ஒன்றோடொன்று தொடர்பு கொள்ளும் முறைகளைச் சொல்லும் நன்னூல், ஆற்றொழுக்கு, அரிமா நோக்கு, தவளைப் பாய்த்து என்பவற்றோடு பருந்தின் வீழ்வு என்று ஒன்றைச் சொல்கிறது. உயரத்திலிருந்து இறங்கி, வேண்டியதை மட்டும் கவர்ந்துகொண்டு, நில்லாமல் எழுந்து போவது. பருந்து இரையெடுப்பதை ஒருமுறையாவது கவனித்தவனுக்கு இந்தக் கலைச்சொல்லுக்கு உரை தேவையில்லை. இன்று நாம் அந்த இடத்தில் 'கழுகுப் பார்வை' என்கிறோம். ஆங்கிலத்திலிருந்து வந்தது. கூர்மையான பார்வைக்கும் அதே சொல். மேலோட்டமான பார்வைக்கும் அதே சொல். ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு பொருள்களை ஒரு தொடர் ஒருங்கே சுமக்க முடிகிறதென்றால், அதற்குள் பறவை இல்லை என்றுதான் அர்த்தம்.

சரி, இந்தக் கழுகு யார்?

ஆங்கிலத்தில் இரண்டு வேறு பறவைகளுக்கு இரண்டு வேறு சொற்கள் இருக்கின்றன: ஈகிள், வல்ச்சர். முதலாவது உயிருள்ளதை வேட்டையாடுவது. இரண்டாவது செத்ததைத் தின்பது. தமிழில் இரண்டுக்கும் கழுகுதான். இதற்கு ஆங்கிலத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. அகராதியில் பாறு என்பதற்குப் பருந்து என்றும் பொருள், கழுகு என்றும் பொருள். எருவைக்கும் அதே கதி: வெளுத்த தலையும் செந்நிற உடலும் உள்ள பருந்து என்று ஒரு பொருள், கழுகு என்று ஒரு பொருள். செய்யுளுக்கு மாற்றுச் சொல் தேடுகிறவனுக்கு இது வசதி. பறவைக்கு இது முதல் மரணம். வெள்ளைக்காரன் வருவதற்கு வெகுகாலம் முன்பே பெயர்கள் ஒன்றில் ஒன்று கரையத் தொடங்கிவிட்டன.

கழுகு முதலில் எதைக் குறித்தது என்பதற்கு என்னிடம் ஓர் ஊர் சாட்சி இருக்கிறது. செங்கல்பட்டுக்கு அருகில் உள்ள திருக்கழுக்குன்றம். தேவாரக் காலத்திலேயே கழுக்குன்றம் என்று பெயர். அந்த மலையில் தினமும் உச்சிவேளையில் இரண்டு பறவைகள் வந்திறங்கும்; பண்டாரம் சர்க்கரைப் பொங்கல் ஊட்டுவார்; ஜனங்கள் கும்பிடுவார்கள். காசியில் குளித்துவிட்டு ராமேஸ்வரம் போகிற வழியில் இறங்குகின்றன என்பது ஐதீகம். அங்குள்ள குகைக்கோயில் கல்லில் பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்தர்கள் தங்கள் பெயர்களைச் செதுக்கிவைத்திருக்கிறார்கள்.

அந்தப் பறவை ஈகிள் அல்ல. வெள்ளை உடல், மஞ்சள் முகம், மெல்லிய அலகு கொண்ட சிறு வல்ச்சர். குப்பைமேட்டிலும் செத்த மாட்டருகிலும் மேய்வது. சாணத்தையும் மலத்தையும்கூடத் தின்பது. இதே பறவைக்கு வேறொரு பெயரை ஜெர்டன் குறித்துவைத்திருக்கிறார். சென்னை ராணுவத்தில் டாக்டராக இருந்த இவர், 'இந்தியப் பறவைகள்' என்ற நூலின் முதல் தொகுதியை 1862-ல் வெளியிட்டார். பறவைகளுக்கு ஊர்மக்கள் வழங்கிய பெயர்களையும் சேர்த்துக்கொண்டே போனவர். அவர் தமிழில் கேட்ட பெயர்: மஞ்சள் திருடி.

எனக்கு இதைப் படித்தபோது ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? அரைத்து வைத்த மஞ்சளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போன ஒருத்தியாக ஒரு பறவையைப் பார்த்திருக்கிறார்கள். பார்த்த சொல் என்று நான் சொல்வது இதைத்தான். அதில் பக்தி இல்லை, அருவருப்பும் இல்லை. கொல்லைப்புறத்தில் தினமும் வந்துபோகிற ஒன்றோடு உள்ள பழக்கம் மட்டும் இருக்கிறது. மலைமேல் அது கழுகு, கொல்லையில் மஞ்சள் திருடி, வசவில் பிணந்தின்னி. மூன்றும் ஒரே பறவை என்பதை அறிந்த ஒரு சமூகம் இருந்திருக்கிறது.

அது குலைந்தது எப்படி? ஜடாயுவைப் பாருங்கள். வால்மீகியில் அவன் கிருத்ரம், அதாவது பிணம் தின்னும் இனத்தின் அரசன். கம்பனிலும் எருவைதான். அவனுக்கு ராமன் தந்தைக்குச் செய்வதுபோல் கடன் செய்கிறான். மொட்டைத் தலையும் சுருங்கிய கழுத்தும் உள்ள கிழட்டுப் பறவைக்கு அத்தனை பெருமை. ஆனால் காலண்டர் ஓவியங்களில் ஜடாயு மயிரடர்ந்த கழுத்தும் வளைந்த அலகும் கொண்ட ஈகிளாக இருக்கிறார். அசிங்கமானது உன்னதமாகவும் இருக்கும் என்பதைப் பிற்காலத்துக் கண் தாங்கவில்லை, பறவையை மாற்றிவிட்டது.

இதே பிழை உலகெங்கும் நடந்திருக்கிறது என்பது ஓர் ஆறுதல். எபிரேய வேதாகமத்தில் வரும் 'நெஷெர்' என்ற பறவை 1611-ம் வருஷத்து ஆங்கில மொழிபெயர்ப்பில் ஈகிள் ஆயிற்று. ஆனால் மீகா தீர்க்கதரிசி, துக்கத்தில் தலையை மழித்துக்கொள்வதற்கு அந்தப் பறவையை உவமை சொல்கிறார். ஈகிளுக்கு ஏது மொட்டைத் தலை? பிற்கால ஆங்கில மொழிபெயர்ப்புகள் அங்கே வல்ச்சர் என்று திருத்திக்கொண்டன. தமிழ் வேதாகமத்தில் எதையும் திருத்த வேண்டியிருக்கவில்லை. கழுகு என்றே இருந்தது, அது தற்செயலாகச் சரியாக இருந்தது. ஆனால் பள்ளிக்கூடத்து அகராதியில் கழுகு என்றால் ஈகிள் என்று படித்துவிட்டு அந்த வசனத்துக்குப் போகிற இன்றைய வாசகன் மனதில் எந்தப் பறவை வரும்? தமிழ்ச் சொல் சரியாகவே நிற்கிறது. அதைப் படிக்கிற நாம்தான் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டோம்.

இத்தனையும் சொல்லைப் பற்றிய கவலை மட்டும் என்றால் இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன். 1990-களின் தொடக்கத்திலிருந்து இந்தியாவில் பாறுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்துபோயிற்று. மாட்டுக்கு வலிநிவாரணியாகப் போடுகிற டைக்ளோஃபெனாக் என்ற மருந்துதான் காரணம் என்பது 2004-ல் நிரூபணமானது. மருந்து ஏற்றிய மாடு செத்து, அதைத் தின்ற பறவைக்குச் சிறுநீரகம் செயலற்றுப் போய், உள்ளுறுப்புகள்மேல் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்துவிடும். 2006-ல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. கீட்டோப்ரோஃபென், அசெக்ளோஃபெனாக் என்ற வேறு இரண்டைத் தடை செய்ய 2023 ஆயிற்று. திருக்கழுக்குன்றத்திலும் 1990-களின் பிற்பகுதியோடு பறவைகள் வருவது நின்றுபோயிற்று. ஊர்ப்பெயரில் மட்டும் கழுகு இருக்கிறது.

இந்தச் செய்தி தமிழ்ப் பத்திரிகைகளில் 'கழுகுகள் அழிகின்றன' என்று வந்தது. நான் வேலை பார்க்கும் கிளையில் ஒருவர் அதைப் படித்துவிட்டு ஜன்னல் வழியே காட்டினார்: "அதோ நாலு சுத்துது சார், எங்க அழியுது?" அவர் காட்டியது கள்ளப்பருந்தை. அவர்மேல் தவறில்லை. இறந்துகொண்டிருந்த பறவைக்கென்று ஒரு பெயர் அவரிடம் இல்லை. அதனால் அதன் இறப்பும் அவருக்கு எட்டவில்லை. அதே கிளையில் மீட்காத நகைகள் ஏலம் போன ஒருநாள், ஏலம் எடுக்க வந்தவர்களைப் பார்த்து ஒரு கிழவி "பொணந்தின்னிக் கயுகுங்க" என்று சபித்துவிட்டுப் போனாள். நானும் அந்தப் பக்கம் மேஜையில் உட்கார்ந்திருந்தவன்தான். வசவு என்னையும் சேர்த்துத்தான். ஆனால் அந்தப் பறவை யாருடைய நகையையும் எடுத்ததில்லை. செத்ததைத் தவிர வேறெதையும் அது கேட்பதில்லை. வசவில் மட்டும் உயிரோடிருக்கும்படி ஓர் இனத்தை விட்டுவைத்திருக்கிறோம்.

சமீப வருஷங்களில் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. தமிழகத்தில் இந்தப் பறவைகளைக் காக்க முனைந்தவர்கள் பிணந்தின்னி என்ற சொல்லைத் தள்ளிவிட்டு, பாறு என்ற பழஞ்சொல்லைத் திரும்ப எடுத்துவந்தார்கள். மோயாற்றுப் பக்கம் வாழும் நான்கு இனங்களும் இப்போது வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு. செய்யுள் பயிற்சியால் அல்ல, தேவையால் உயிர்பெற்ற சொல். மொழிக்கு நாம் செய்ய வேண்டியதை அவர்கள் செய்திருக்கிறார்கள் என்று சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

கவிஞர்கள் சொல்லக்கூடிய பதிலை நான் அறிவேன். கவிதையில் வரும் கழுகு குறியீடு. அதற்கு இறகு எண்ண வேண்டியதில்லை. நானே இப்படி எழுதியிருக்கிறேன். ஒரு கவிதையில் வந்த கழுகை 'அதிகாரத்தின் படிமம்' என்று பாராட்டினேன். அது ஈகிளா பாறுவா என்று கேட்டிருந்தால் கவிதையே கலைந்துபோயிருக்கும். ஏனெனில் அது முதல் அடியில் வேட்டையாடிவிட்டுக் கடைசி அடியில் பிணம் தின்றது. குறியீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எருவையின் செவி சிவப்பு என்று கண்டவனுக்கும் அது பாலையின் குறியீடுதான். ஆனால் அவன் முதலில் பார்த்தான். நாம் குறியீட்டிலிருந்து தொடங்கி, பறவையிடம் வந்து சேருவதே இல்லை.

ஏட்ஸின் பறவைக்குத் திரும்பி வருகிறேன். ஜெர்டன் நூலில், வேட்டைக்குப் பழக்குகிறவர்கள் பெரிதும் மதித்த ஷாஹீன் என்ற பறவைக்குத் தமிழ்ப் பெயர் வல்லூறு என்று இருந்தது. கையில் வைத்துப் பழக்கிய பறவைக்குத் தமிழில் ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. பெரியவரிடம் போய்ச் சொன்னேன். "வல்லூறா? அது கோழிக்குஞ்சுத் தூக்கறதாச்சே, சின்னது" என்றார். இங்கும் சொல் ஒரு பறவையிலிருந்து இன்னொன்றுக்கு இறங்கிவிட்டிருந்தது. இருந்தாலும் பருந்தை அடித்துவிட்டு வல்லூறு என்று எழுதினேன்.

எழுந்திருக்கும்போது சும்மா கேட்டேன், மஞ்சள் திருடி என்று ஏதாவது கேள்விப்பட்டதுண்டா என்று. பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். "வெள்ளையா, மூஞ்சி மட்டும் மஞ்சளா? மாடு உரிக்கிற எடத்துல ஒக்காந்திருக்கும். எங்கம்மா அப்பிடித்தான் சொல்லும். தம்பி, இந்தப் பேரக் கேட்டு அம்பது வருசம் இருக்கும்" என்றார். பிறகு, அதை இப்போது எங்கே பார்க்கலாம் என்று கேட்டார். இந்தக் கரையில் இல்லை என்று சொன்னேன்.